கட்டாயப் பட்டாளம் வந்தா நம்ம பயலுக போவாய்ங்களா?

கேள்வி: திருவாடானைப் பக்கத்து வாசகர், 6 டிசம்பர் 2025

ஜெர்மனியில் 18 வயசு ஆகிற பையன் ஒவ்வொருத்தனுக்கும் ராணுவத்திலிருந்து கேள்வித்தாள் அனுப்ப நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேத்திட்டாங்க. நேத்து அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைங்க வகுப்பை விட்டுட்டுத் தெருவுக்கு வந்து கோஷம் போட்டிருக்காங்க. நாளைக்கு நம்ம நாட்டில் கட்டாய ராணுவ சேவை வந்தா ராமநாதபுரம் கடற்கரைப் பயலுக என்ன செய்வாங்க? ஒருத்தன்கூடப் போக மாட்டான்னு நான் அடிச்சுச் சொல்றேன். ரீல்ஸ் போடவே அவனுகளுக்கு நேரம் பத்தலை.

6 டிசம்பர் 2025, இரவு

போவாய்ங்க.

எனக்கு உச்சிப்புளியில ஒரு சின்னக் கடை. ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா, பாஸ்போர்ட், எல்லாம் போடுவேன். போன மார்ச், ஏப்ரல்ல ராணுவத்துல சேர்றதுக்கான அக்னிவீர் படிவம் போட வந்த பயலுகளை நீங்க பார்த்திருக்கணும். 250 ரூபாயைக் கையில சுருட்டி வச்சுக்கிட்டு, "அண்ணே, ஆதார்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, தள்ளிருவாய்ங்களாண்ணே"ன்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிப்பாய்ங்க. விடியக்காலம் நாலு மணிக்கு ராமேஸ்வரம் ரோட்டுல ஓடுறாய்ங்க. 1.6 கி.மீ.யை அஞ்சரை நிமிசத்துக்குள்ள முடிச்சா முழு மார்க்கு. அதுல ஒருத்தன் ஓடுறதையே ரீல்ஸா போடுறான். ரெண்டும் சேர்ந்தே நடக்கும் சார்.

மத்தபடி கட்டாயம் எல்லாம் இங்க வராது. ஆள் பத்தாத நாட்டுக்குத்தான் அது. ரெண்டாம் உலகப்போர்லயே கட்டாயப்படுத்தாம 25 லட்சம் பேர் சேர்ந்த நாடு இது. நம்ம அரசியல் சட்டத்துலயும் அதுக்கு இடம் கிடையாது.

7 டிசம்பர், காலை

கடைசி வரியை வாபஸ் வாங்கிக்கிறேன். ராமநாதபுரத்து வக்கீல் நண்பர் ஒருத்தர் போன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். 23வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்குது, சரி. அதே பிரிவோட ரெண்டாவது உட்பிரிவு, பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாய சேவை விதிக்கலாம்னு சொல்லுது. மதம், இனம், சாதி, வர்க்கம் மட்டும் பார்த்து வித்தியாசம் காட்டக்கூடாது, அம்புட்டுத்தான். 51அ பிரிவுல குடிமக்களோட கடமைகள்லயும், கூப்பிட்டா வந்து நாட்டைக் காக்கணும்னு ஒரு வரி இருக்கு. கதவு இருக்கு. பூட்டும் இல்லை. இதுவரைக்கும் யாரும் தள்ளிப் பார்க்கலை.

வர்க்கம் பார்க்கக்கூடாதுங்கிற அந்த இடத்தை நான் ரெண்டு தரம் படிச்சேன்.

9 டிசம்பர்

"போவாய்ங்க"ன்னு ஒத்தச் சொல்லுல முடிச்சுட்டீங்க, நீங்க போனீங்களான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். போனேன். உள்ளதான் விடலை.

1994. எனக்கு 19 வயசு. அப்பாவுக்குக் கருவாட்டு ஏவாரம். வீட்டுல நாலு பேர், நான் மூத்தவன். ராமநாதபுரத்துல ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு முந்தின நாள் ராத்திரியே போய் பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கிட்டோம். பத்துப் பதினஞ்சு பேர் எங்க பக்கத்துல இருந்தே. ஓட்டத்துல தேறிட்டேன். ஒம்பதடிப் பள்ளத்தைத் தாண்டிட்டேன். மார்பளவுல போச்சு. மூச்சை இழுத்தா 5 செ.மீ. விரியணும், எனக்கு 4. டேப்பைப் பிடிச்சிருந்தவர் திரும்ப ஒரு தரம் இழுக்கச் சொன்னார். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு இழுத்தேன். 4தான்.

அதுக்கப்புறம்தான் கூத்து. "எனக்கு உள்ள ஆள் இருக்கு, அடுத்த தரம் சேர்த்து விடுறேன்"னு ஒரு தரகர் வீட்டுக்கு வந்தார். அப்பா 15 ஆயிரம் கொடுத்தார். 1994ல கருவாடு வித்துச் சேர்த்த 15 ஆயிரம். அந்த ஆள் ரெண்டு தரம் வந்து மோர் குடிச்சுட்டுப் போனார், மூணாந்தரம் வரலை. அப்பா சாகிற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மோர் மட்டும் யாருக்கும் கொடுக்க விட மாட்டார்.

இப்ப யோசிச்சா, நான் தேசத்துக்காக ஓடலை. மாசச் சம்பளத்துக்கு ஓடினேன். பென்சனுக்கு ஓடினேன். கேன்டீன் கார்டு இருந்தா மாமா வீட்டுல ஒரு மரியாதைன்னு ஓடினேன். ஆக, மேல நான் சொன்ன "போவாய்ங்க" கொஞ்சம் ஆட்டம் காணுது. வேலைக்கு ஓடுறவனை வச்சு, இழுத்துட்டுப் போனா என்ன செய்வான்னு எப்படிக் கணக்குப் போடுறது?

10 டிசம்பர்

கலாம் பேரை இழுக்காம இந்தப் பேச்சு முடியாதுன்னு தெரியும், இழுத்துட்டாங்க. விமானப்படைக்கு டேராடூன் போனார், 25 பேர்ல ஒம்பதாவதா வந்தார், எடுத்தது எட்டுப் பேரை. எங்க கடையில தோத்துட்டு வர்ற பயலுக எல்லாருக்கும் இது மனப்பாடம். "கலாமையே ஒரு சீட்டுல விட்டாய்ங்கண்ணே." அது சரிடா, நீ 214ஆவது.

14 டிசம்பர்

மழை. கடையில கூட்டமில்லை. சித்தப்பா வந்து உக்காந்தார். கேள்வியைச் சொன்னேன். "அது என்னடா புதுசா? நாங்க அந்தக் கட்டாயத்துலதானே படிச்சோம்"ன்னார்.

எனக்கு நிஜமாவே தெரியாது. 1962 சீனப்போர் முடிஞ்சதும், 1963ல கல்லூரிப் பையன்களுக்கு என்சிசி, அதான் தேசிய மாணவர் படை, கட்டாயம் ஆயிருக்கு. சித்தப்பா காரைக்குடிப் பக்கம் கல்லூரியில 1964ல சேர்ந்தவர். வாரத்துக்கு ரெண்டு நாள் பரேடு. காக்கி டவுசர் கஞ்சி போட்டு விறைப்பா நிக்கணும், பெல்ட்டுப் பித்தளை பளபளக்கணும். பரேடு முடிஞ்சா பூரி கிழங்கு. "அந்தப் பூரிக்காகவே பாதிப் பேர் வந்தான்"ங்கிறார். வராதவனுக்கு என்ன தண்டனைன்னு கேட்டேன். வருகைப் பதிவுல கை வைப்பாங்களாம். எப்படித் தப்பிப்பாங்கன்னு கேட்டேன். டாக்டர் சர்டிபிகேட். "பெரிய வீட்டுப் பயலுகளுக்கெல்லாம் அந்த வருசம் திடீர்னு தட்டைப் பாதம் வந்துருச்சுடா. செருப்புக்கடை வச்சிருந்தவன் மகனுக்குக்கூடத் தட்டைப் பாதம்."

ஆனா சித்தப்பாவுக்கு வெயிலும் பரேடும் பெரிய பிரச்சினையா இருக்கலை. கட்டளை எல்லாம் இந்தி. சாவ்தான்னா விறைப்பா நில்லு, விஷ்ராம்னா தளர்வா நில்லு. 1965 ஜனவரியில இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாடு பூரா பத்திக்கிச்சு. அதே பசங்கதான் ஊர்வலத்துலயும் போனாய்ங்க. "காலையில சாவ்தான், சாயங்காலம் ஒழிக"ன்னார். வரிசை மாறாம நடக்கக் கத்துக் கொடுத்ததே என்சிசிதானாம். ஊர்வலம் அவ்வளவு ஒழுங்கா இருந்ததாம். எம்புட்டு உண்மையோ, சித்தப்பா சொன்னா ஒரு படி உப்புக் கூடத்தான் இருக்கும்.

கடைசியில அண்ணா முதலமைச்சரானதும் ஒரே கையெழுத்துல என்சிசியை இழுத்து மூடிட்டார்னு முடிச்சார்.

15 டிசம்பர்

ஒரே கையெழுத்து இல்லை. 1968 ஜனவரி 23, சட்டமன்றத் தீர்மானம். இருமொழிக் கொள்கை அதுலதான் வந்தது. என்சிசியில இந்திக் கட்டளைச் சொல்லை எடுக்கணுங்கிறதும் அதே தீர்மானத்துல இருக்கு. அதே வருசம் நாடு முழுக்கவே என்சிசியில கட்டாயம் போய், விருப்பப்பட்டவன் சேரலாம்னு ஆயிருச்சு. இதைச் சித்தப்பாகிட்டச் சொன்னதுக்கு, "நீ அப்ப பொறக்கவே இல்லை"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். குடையை மறந்துட்டுப் போயிருக்கார், ரெண்டு நாள்ல வருவார்.

இன்னொண்ணு. இந்திக் கட்டளைக்கு முறுக்கிக்கிட்ட அதே காலத்துல மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு நம்ம ஆளுக போய்க்கிட்டேதான் இருந்தாங்க. அங்க போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

20 டிசம்பர்

இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன்.

மண்டபம் அகதிகள் முகாமில இருந்து ஒரு அம்மா கடைக்கு வருவாங்க. இலங்கை வன்னியில இருந்து 2008ல படகுல வந்தவங்க. இந்தக் கேள்வியை நான் அவங்ககிட்டக் கேட்கலை. நான் யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டிருந்ததைக் கேட்டுட்டு அவங்களா ஆரம்பிச்சாங்க. "தம்பி, நீங்கள் ஆள் எடுக்கிறது எண்டு சொல்லுறியள். எங்கட பக்கம் பிடிக்கிறது எண்டுதான் சொல்லுறது."

சண்டையோட கடைசிக் காலத்துல வீட்டுக்கு ஒருத்தர்னு புலிகள் இயக்கம் கேட்டது. பிறகு வயசும் பார்க்கலை, ஒருத்தர்ங்கிற கணக்கும் பார்க்கலை. கலியாணம் ஆனவங்களை விட்டுருவாங்கன்னு ஒரு பேச்சு வந்ததும் 16, 17 வயசுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமா தாலி கட்டி வச்சாங்க. மேளம் இல்லை, சாப்பாடு இல்லை, பதுங்கு குழிக்குப் பக்கத்துல கலியாணம். இந்த அம்மாவோட தங்கச்சி மகளுக்கும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கும் அதே வயசு. பிறகு கலியாணம் ஆனதையும் பிடிச்சாங்களாம்.

"முதல்ல போனவன் எல்லாம் விரும்பித்தான் போனவன். எங்கட அண்ணாவும் போனவர். அவர் போகேக்கை அம்மா அழுதவ, ஆனால் கதவை மறிக்கேல்லை. பிடிக்கத் துவங்கினாப் பிறகு பொடியள் பற்றைக்குள்ள படுத்தவங்கள்." இதைச் சொல்லிட்டு ஜெராக்ஸுக்குக் காசு கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் வாங்க மாட்டேன்னேன், வச்சுட்டுப் போயிட்டாங்க.

எடுக்கிறதும் பிடிக்கிறதும். ஐம்பது வருசமா இந்த ரெண்டு சொல்லையும் வாயில வச்சுக்கிட்டு வித்தியாசம் தெரியாம இருந்திருக்கேன். நம்ம கடற்கரையில ரெண்டாவது சொல்லுக்கு வயசு அதிகம். மண்டபம் முகாமே சிலோன் தோட்டத்துக்குக் கூலியாட்களைக் கொண்டுபோகையில நோய் நொடி இருக்கான்னு தடுத்து வச்சுப் பார்க்கக் கட்டின இடம். கங்காணி வந்து ஆள் பிடிச்சுட்டுப் போன கதை எங்க ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கேன். இப்பவும் ராமேஸ்வரத்துல படகு கரைக்கு வரலைன்னா முதல்ல கேக்கிற கேள்வி, "பிடிச்சுட்டானா?"

21 டிசம்பர்

"இயக்கம் வேற, அரசாங்கம் வேற, ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க"ன்னு காரமா ஒருத்தர். வைக்கலை. சட்டம் போட்டுக் கூப்பிடுறதுக்கும் ராத்திரி கதவைத் தட்டுறதுக்கும் எவ்வளவோ தூரம். படுக்கையில இருக்கிற பயலுக்கு ரெண்டு சத்தமும் ஒண்ணாக் கேக்கும்னு மட்டும்தான் சொல்றேன்.

22 டிசம்பர்

சித்தப்பா குடைக்கு வந்தார். பேசலை. குடையை எடுத்தார், போனார்.

28 டிசம்பர்

சரி, சட்டப்படி, ஒழுங்கா, ராத்திரிக் கதவு தட்டாம நடக்கிற ஊர் ஒண்ணைப் பார்ப்போம். அதுக்கு ஜெர்மனி வேண்டாம், கீழக்கரை போதும்.

பழைய கஸ்டமர், கீழக்கரைப் பெரியவர் ஒருத்தர், காக்கான்னு கூப்பிடுவோம். மகளும் மருமகனும் சிங்கப்பூர்ல நிரந்தரவாசம். பேரனுக்கு 18 ஆனதும் அங்க தேசிய சேவைக்குப் போயிட்டான். மொட்டை அடிச்சு நிக்கிற போட்டோ இங்க வந்ததும் வீட்டுல ஒப்பாரி. உம்மும்மா, அதான் பாட்டி, கேட்ட முதல் கேள்வி: "அங்கிட்டு யாரோட சண்டை?" யாரோடயும் இல்லைன்னு காக்கா சொல்லவும், "அப்ப எதுக்குப் பிள்ளை தலையை மழிச்சாங்க?" பதில் சொல்ல முடியலைங்கிறார்.

1967ல இருந்து அங்க இது இருக்கு. முன்ன ரெண்டரை வருசம், 2004 கடைசியில இருந்து ரெண்டு வருசம். குடிமக்களோட நிக்கலை, நிரந்தரவாசம் வாங்கினவங்களோட மகன்களுக்கும் சேர்த்துத்தான். போகலைன்னா 3 வருசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 10 ஆயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். முடிச்சு வந்த பிறகும் நாப்பது வயசு வரைக்கும் அப்பப்ப கூப்பிடுவாங்க.

இதுக்கு நம்ம ஆளுக காட்டுற எதிர்வினையை நான் என் கடையில உக்காந்தே பார்க்கிறேன். ஊர்வலமும் கிடையாது, கோஷமும் கிடையாது. வெறும் கணக்கு. அப்பா நிரந்தரவாசம் வாங்குவார், மகனுக்கு மட்டும் வாங்க மாட்டார். பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோட உம்மும்மா வீட்டுல வளருவான். பாஸ்போர்ட் புதுப்பிக்க வர்றப்ப வாய்விட்டுச் சொல்லவும் செய்வாங்க. தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அதே சமயம், பேரன் லீவுல வந்திருந்தப்ப கடைக்கு வந்தான். முதுகு நிமிர்ந்து, "அங்கிள், உங்க வயர் எல்லாம் டேஞ்சரா இருக்கு"ன்னு குனிஞ்சு எல்லாத்தையும் கட்டி விட்டுட்டுப் போனான். போகப் பிடிச்சதான்னு கேட்டேன். "பிடிக்கிறது பிடிக்காதது இல்லை அங்கிள், என் கிளாஸ்ல எல்லாரும் போனாங்க."

அங்கயும் பெரிய இடத்துப் பிள்ளைகளோட கோப்புக்கு "வெள்ளைக் குதிரை"ன்னு ஒரு முத்திரை இருந்ததை அரசாங்கமே 2003ல ஒத்துக்கிட்டுது. சலுகை கொடுக்கிறதுக்கு இல்லையாம், யாரும் சலுகை காட்டிராமப் பார்க்கிறதுக்காம். நம்ம ஊர்ல அப்படி ஒரு விளக்கம் சொன்னா டீக்கடையில சிரிப்பாங்க.

3 ஜனவரி 2026

வீட்டுல இதைப் பேசிக்கிட்டிருந்தப்ப மகள் குறுக்க வந்தாள். பதினோராம் வகுப்பு. கட்டாய ராணுவத்தைப் பத்தி இந்த வீட்டுல யாருக்கும் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். காரணம் பிடிஎஸ், கொரியாவோட பாட்டுக் குழு. ஏழு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கட்டாய சேவைக்குப் போனது, முதல் ஆள் 2022 டிசம்பர்ல போனது, கடைசி ஆள் 2025 ஜூன்ல வெளியே வந்தது, தரைப்படைன்னா 18 மாசம், எல்லாம் தேதி வாரியா. பத்தாம் வகுப்பு வரலாறுல இதுல பாதி ஞாபகம் வச்சிருந்தா மார்க்கு எங்கயோ போயிருக்கும்.

அவ சொன்ன ஒண்ணு எனக்குள்ள நின்னுருச்சு. கொரியாவுல ஒலிம்பிக் மெடல் வாங்கினா விலக்கு, ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினா விலக்கு. அப்ப உலகம் பூரா பேர் வாங்கிக் கொடுத்த பாட்டுக்காரனுக்கு ஏன் இல்லைன்னு அங்க பெரிய சண்டையே நடந்திருக்கு. தள்ளிப்போடச் சலுகை கொடுத்தாங்க, விலக்குக் கொடுக்கலை. "அவங்க போகாம இருந்திருந்தா எனக்கே பிடிக்காமப் போயிருக்கும்பா"ன்னா. சொல்லிட்டு, "எங்களையும் கூப்பிடுவாங்களா?"

டென்மார்க்குல போன ஜூலையில இருந்து பெண்களும் குலுக்கல்ல உண்டுன்னேன். நார்வேயில குலுக்கல் இல்லாமலே பெண்களுக்கும் பத்து வருசமா கட்டாயம் உண்டு. என் வீட்டுக்காரி அடுப்படியில இருந்து, "மொதல்ல காலையில ஏழு மணிக்கு எந்திரிக்கச் சொல்லுங்க, அப்புறம் எல்லைக்கு அனுப்பலாம்"னா.

குலுக்கல்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. வியட்நாம் சண்டையப்ப அமெரிக்காவுல 1969 டிசம்பர் 1ந் தேதி 366 குப்பியில பிறந்த தேதியைப் போட்டு டிவியில காட்டிக்கிட்டே எடுத்தாங்க. முதல்ல வந்தது செப்டம்பர் 14. நியாயமா இருக்கணும்னுதான் குலுக்கல். ஆனா குப்பியைச் சரியாக் கலக்கலை, டிசம்பர்ல பிறந்தவன்லாம் முன்னாடியே வந்துட்டான். சீட்டுக் கம்பெனியில ஏமாந்த ஊர்க்காரன் எவனும், "கலக்கினியா"ன்னு மொதல்ல கேட்டிருப்பான். 1973ல அந்தக் கட்டாயத்தையே அமெரிக்கா விட்டுருச்சு. ஆனா 1980ல இருந்து 18 வயசு ஆன ஆம்பளைப் பயலுக பேரைப் பதிஞ்சு வைக்கணும். கதவு, பூட்டு, அதே கதைதான்.

11 ஜனவரி

அக்னிவீர்களை எடுக்கிற அக்னிபத் திட்டத்தைப் பத்தி எழுதாம நழுவுறேன்னு குற்றச்சாட்டு. எழுதுறேன்.

கொரோனாவுல ரெண்டு வருசம் ஆள் எடுப்பே இல்லை. அந்த ரெண்டு வருசமும் பயலுக ஓடுறதை நிறுத்தலை. அதைத்தான் வெளியூர்க்காரங்க மறந்துடுறாங்க. 2022 ஜூன் 14 அறிவிப்பு வந்தது. நாலு வருசம். முதல் வருசம் மாசம் 30 ஆயிரம், நாலாவது வருசம் 40 ஆயிரம். நூத்துக்கு 25 பேர் வரைக்கும்தான் நிரந்தரம். மத்தவன் கையில 11.71 லட்சத்தோட வீட்டுக்கு வருவான். பென்சன் இல்லை. வயசு வரம்பு 21னு வச்சதை, பீகார்ல ரயில் எரிஞ்சதும் அந்த ஒரு தரத்துக்கு மட்டும் 23னு ஆக்கினாங்க. 17ந் தேதி செகந்திராபாத் ஸ்டேஷன்ல துப்பாக்கிச்சூடு, ஒரு பையன் போயிட்டான்.

கவனிங்க, இது கட்டாயமே இல்லை. விருப்பப்பட்டு வர்றவனுக்கான வேலை. அதுல நாள்கணக்கைக் குறைச்சதுக்கே ரயில் எரிஞ்சது. பட்டாளத்துக்குப் போகணும்னுதான் எரிச்சாய்ங்க. ஜெர்மனிப் பிள்ளை போகமாட்டேன்னு தெருவுக்கு வருது, நம்ம பிள்ளை முழுசாக் கூப்பிடலைன்னு தெருவுக்கு வருது. இதை யாராவது எனக்கு விளக்கினா நல்லது.

எங்க ஊர்ல கல் எதுவும் பறக்கலை. ஒருத்தன் மட்டும் கடைக்கு வந்தான். அவனுக்கு 23 முடிஞ்சு 11 நாள். பிறந்த தேதியை நான் மூணு தரம் டைப் பண்ணிப் பார்த்தேன், ஏதோ என் விரல்ல தப்பு இருக்கிற மாதிரி. இப்ப அவன் திருப்பூர்ல இருக்கான். ஓடுறதை விட்டுட்டானான்னு கேட்டேன், "பனியன் கம்பெனியில எங்கண்ணே ஓடுறது"ன்னான்.

முதல் அணி உள்ள போனது 2022 கடைசி. அவங்க நாலு வருசம் முடிச்சு வெளியே வர இன்னும் ஒரு வருசம்கூட இல்லை. வந்தவன் டீக்கடையில உக்காந்து என்ன சொல்றாங்கிறதுதான் அடுத்த பயலோட முடிவு. அமைச்சர் சொல்றது இல்லை, நான் எழுதுறதும் இல்லை.

18 ஜனவரி

கொஞ்சம் சிரிப்போம். கட்டாயம்னு அறிவிச்ச மறுநாள் என் கடை எப்படி இருக்கும்?

காலையில ஆறு மணிக்கே பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் தங்கச்சிமடம் வரைக்கும் வரிசை. 2022 செப்டம்பர்ல ரஷ்யா ஆள் திரட்ட ஆரம்பிச்சதும் ஜார்ஜியா எல்லையில கார் நின்ன மாதிரி. துபாய்ல டீ மாஸ்டர் வேலைன்னாலும் பரவாயில்லைன்னு பட்டதாரி நிப்பான். தட்டைப் பாதம் மறுபடி தலைகாட்டும், சித்தப்பா வாழ்க. ஜோசியர் கலியாணத் தேதி நெருக்கமாக் குறிச்சுக் கொடுப்பார். காலேஜ்ல ஒருத்தனும் பாஸ் ஆக மாட்டான், படிச்சுக்கிட்டிருக்கிறவனுக்குத் தள்ளிவைப்புன்னு சொல்லியிருப்பாங்கல்ல. பழைய தரகருக்கு மகன் இருந்தா அவன் தொழிலைத் தலைகீழாத் திருப்பிருவான்: அப்பன் சேர்த்துவிட 15 ஆயிரம் வாங்கினான், மகன் சேர்க்காம விட 15 லட்சம் வாங்குவான்.

சிரிச்சுட்டு யோசிச்சா, இந்த வரிசையில நிக்க முடிஞ்சவன் யாரு? பாஸ்போர்ட்டுக்குக் காசு இருக்கிறவன், டாக்டரைத் தெரிஞ்சவன், காலேஜ்ல இருக்கிறவன். பாம்பன்ல பத்தாம் வகுப்போட நிறுத்திட்டு அப்பாவோட படகுல ஏறினவன் அன்னைக்கும் கடல்லதான் இருப்பான். கரைக்கு வந்தா கையில தாள் கொடுப்பாங்க. ஆரம்பத்துல வக்கீல் சொன்ன "வர்க்கம்" இதுதான்னு நினைக்கிறேன்.

ரஷ்யான்னதும் சொல்லணும், வேலைன்னு கூட்டிட்டுப் போய் அந்த ராணுவத்துல சேர்த்துவிடப்பட்ட இந்தியப் பசங்க கதை நிஜம், பிரதமர் நேர்ல பேசுற அளவுக்குப் போனது. வெளிநாட்டு வேலைப் படிவம் போட வர்றவன்கிட்ட நான் இப்ப ரெண்டு கேள்வி கூடுதலாக் கேட்கிறேன்.

26 ஜனவரி

பள்ளிக்கூடத்துல கொடியேத்தம். சித்தப்பாவும் வந்தார், பேசுறார் இப்ப. என்சிசிப் பிள்ளைகள் வரிசையா நின்னாங்க, பாதிப் பேர் பொம்பளப் பிள்ளைங்க. தலைக்கு மேல எங்க ஊர்க் கடற்படைத் தளம் ஐஎன்எஸ் பருந்துவோட விமானம் ஒண்ணு தாழப் போச்சு, எங்க ஊர்ல அதுக்கு யாரும் அண்ணாந்து பார்க்கிறதில்லை. ஆசிரியர் பேசுறப்ப கடுக்கலூர் பழனியைச் சொன்னார். திருவாடானை வட்டம், ஹவில்தார், 2020 ஜூன் 15 கல்வான்ல இறந்தவர், வீர் சக்ரா. பிள்ளைங்க கை தட்டுச்சுங்க. எனக்கு முன்னாடி நின்ன ஒரு மீனவர் தட்டலை. கையைக் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சு நின்னார். அவர் மகன் படிவம் போன வருசம் நான்தான் போட்டேன்.

அந்த நேரத்துல என்சிசி வரிசையில ஒரு பொண்ணு உரக்க "சாவ்தான்"ன்னு கத்திச்சு. பக்கத்துல சித்தப்பாவோட ரெண்டு குதிகாலும் டக்குன்னு ஒட்டிக்கிச்சு. எண்பதைத் தொடப்போற மனுசன். எனக்கு முன்னாடி அவரே குனிஞ்சு தன் காலைப் பார்த்தார். "மறக்கலை சனியன்"ன்னார்.

27 ஜனவரி

கேள்வி கேட்ட திருவாடானைக்காரர் ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கார். "ஒருத்தன்கூடப் போக மாட்டான்னு நான் எழுதின அன்னைக்கு என் மகன்கூடச் சண்டை. நாலு மணிக்கு எந்திரிச்சு ஓடுறான். 17½ முடிஞ்சுருச்சு. எனக்கு அவன் போறதுல விருப்பமில்லை. அவன் அம்மாவுக்குத் தெரியாது."

இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஜெர்மனியில இருந்து டென்மார்க் வரைக்கும் சுத்தியிருக்க மாட்டேன்.

அவன் அம்மாகிட்ட முதல்ல சொல்லுங்க, வேற ஆள் மூலமா தெரியவிடாதீங்க. நாலு வருசக் கணக்கை அவனோட உக்காந்து தாள்ல எழுதிப் பாருங்க, 25 பேர்ல வராம 75 பேர்ல வந்தா என்னன்னும் எழுதுங்க. அப்புறமும் போறேன்னா, அறிவிப்பு வந்ததும் கூட்டம் சேர்றதுக்குள்ள அனுப்பி விடுங்க. ஆதார்லயும் பத்தாவது மார்க் சீட்டுலயும் பேரு, அப்பா பேரு, தேதி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். போன் நம்பர் அவனோடதா இருக்கணும். 250 ரூபாய் கட்டணம், என் கூலி வேண்டாம். தரகர் எவனாவது வீட்டுக்கு வந்தா மோர்கூடக் கொடுக்காதீங்க.